வீடியோ கேமும் ஒலிநூலும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வீடியோ கேம்களையும் ஒலிநூல்களையும் பல ஆண்டுகளாக விரும்பி அனுபவித்து வருகிறேன். இவ்விரண்டிலும் புதிதாக நுழைய விரும்புபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எதிலிருந்து தொடங்குவது என்பதுதான். அவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறை முயன்றுவிட்டு, தமக்கு இது ஒத்துவராது என்று ஒதுக்கி வைத்தவர்கள். என்ன நடந்தது என்று விசாரித்தால், நூறு மணி நேரம் ஓடக்கூடிய ஒரு பெரிய விளையாட்டைப் புகழை நம்பித் தொடங்கி, கன்ட்ரோலரில் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடும் நிலையிலேயே சலித்துப் போயிருப்பார்கள். அல்லது முப்பது மணி நேர நாவல் ஒன்றை நெரிசலான பயணத்தில் கேட்க ஆரம்பித்து, மூன்றாம் அத்தியாயத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்பதே பிடிபடாமல் நிறுத்தியிருப்பார்கள்.

இதற்குக் காரணம் ரசனைக் குறைவும் அல்ல, பொறுமைக் குறைவும் அல்ல. இரண்டு வடிவங்களிலும் நமக்கும் படைப்புக்கும் நடுவே ஒன்று நிற்கிறது. விளையாட்டில் அது கன்ட்ரோலரும், திரையில் நாம் பார்க்கும் கோணமாகிய கேமராவும்; ஒலிநூலில் அது வாசிப்பவரின் குரல். அந்த இடைப்பொருள் நம் கவனத்திலிருந்து மறையும் வரை நாம் படைப்பைச் சந்திக்கவே இல்லை. அச்சு நூலைப் படிக்கும்போது எழுத்துகளை நாம் கவனிப்பதில்லை. ஏனென்றால் எழுத்துக்கூட்டிப் படித்த காலம் சிறு வயதிலேயே முடிந்துவிட்டது. விளையாட்டுக்கும் ஒலிநூலுக்கும் அந்த எழுத்துக்கூட்டும் காலம் வளர்ந்த பிறகு வருகிறது. ஆகவே, முதலில் கருவியைப் பழக்கிக்கொள்வதற்கான படைப்புகளைத் தேர்ந்தெடுங்கள், அதன் பின்னரே பெரிய படைப்புகளிடம் செல்லுங்கள் என்பதுதான் நான் சொல்லும் வரிசை. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு கருத்திலிருந்தே பிறக்கின்றன.

முதல் படி: கைக்கு ஒரு விளையாட்டு

இதுவரை விளையாடியே பழக்கமில்லாதவர் இரண்டு பரிமாணத்தில் உள்ள, ஒரே திரையை அல்லது பக்கவாட்டில் நகரும் திரையைக் கொண்ட விளையாட்டில் தொடங்குவது நல்லது. டெட்ரிஸ் இன்றும் இதற்கு மிகப் பொருத்தமானது. 1984இல் அலெக்ஸி பஜித்னோவ் மாஸ்கோவில் உருவாக்கிய இந்த விளையாட்டில் ஏழு வடிவங்கள் மட்டுமே உள்ளன. ஒவ்வொன்றும் நான்கு சதுரங்களால் ஆனது. நகர்த்துவது, திருப்புவது, கீழே இறக்குவது என்பவற்றைத் தவிரக் கற்க வேறெதுவும் இல்லை. சிறிது நேரத்திலேயே உங்கள் விரல்கள் உங்களைக் கேட்காமல் வடிவத்தைத் திருப்பத் தொடங்கும். அந்தத் தருணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பொருள் மறைவது என்று நான் சொன்னதன் மிகத் தூய வடிவம் அதுதான். பின்னால் வரும் எந்த விளையாட்டிலும் அந்த நிலையை எட்டினீர்களா என்பதே உங்கள் அளவுகோலாக இருக்கட்டும்.

அடுத்து 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டின் முதல் கட்டத்தை, வெற்றி தோல்வியைப் பொருட்படுத்தாமல், உற்றுக் கவனித்தபடி விளையாடிப் பாருங்கள். மாரியோ திரையின் இடப்புறத்தில் நிற்கிறார். வலப்புறம் வெறுமையாக இருக்கிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அனைவரும் வலப்புறம்தான் நடக்கிறார்கள். சற்றுத் தூரத்தில் கோபமான முகத்துடன் ஓர் உருவம் எதிரே வருகிறது. அதன் மேல் மோதினால் உயிர் போகிறது, குதித்தால் தப்பலாம், அதன் தலைமேல் குதித்தால் அது நசுங்குகிறது. பிறகு கேள்விக்குறி போட்ட கட்டியை முட்டினால் காளான் ஒன்று வெளிவந்து வலப்புறம் ஓடி, குழாயில் மோதித் திரும்பி, நம்மை நோக்கியே வருகிறது. ஆபத்து என்று நினைத்து விலக முயன்றாலும் தலைக்கு மேலே கட்டிகள் இருப்பதால் பெரும்பாலும் அது நம்மைத் தொட்டுவிடும். தொட்டவுடன் மாரியோ பெரிதாகிறார். ஒரு சொல்கூட இல்லாமல், ஒரு நிமிடத்துக்குள், நடப்பது, குதிப்பது, அஞ்ச வேண்டியது, விரும்ப வேண்டியது என்ற நான்கையும் விளையாட்டு கற்றுக்கொடுத்துவிடுகிறது. நல்ல விளையாட்டு எப்படிப் பேசும் என்பதை இங்கே ஒருமுறை புரிந்துகொண்டவர், பிற்பாடு எந்த விளையாட்டில் சிக்கிக்கொண்டாலும், திரை என்ன சொல்ல வருகிறது என்று தேடத் தொடங்குவார். இணையத்தில் விடை தேடுவதைவிட இது பெரிய பயிற்சி.

இரண்டாம் படி: முப்பரிமாணத்துக்குள் நுழைவது

பெரும்பாலான புதியவர்கள் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். ஆகவே இதில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. முப்பரிமாண விளையாட்டில் கன்ட்ரோலரின் இடது ஸ்டிக் நடப்பதற்கும், வலது ஸ்டிக் பார்ப்பதற்கும் பயன்படுகின்றன. பழகியவருக்கு இது ஒரே செயலாகத் தோன்றும்; பழகாதவருக்கு இவை இரண்டு தனித்தனிச் செயல்கள், ஆகவே அவர் நடந்து நின்று, பிறகு திரும்பிப் பார்த்து, மறுபடி நடக்கிறார். இந்த இரண்டையும் இணைக்கும் திறனைச் சண்டை நிறைந்த விளையாட்டில் கற்க முயல்வது வீண் துன்பம்.

இதற்கு நான் எப்போதும் சொல்வது 2007இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டல். கண்ணாடிச் சுவர்கள் சூழ்ந்த ஒரு சிறு அறையில் நாம் கண்விழிக்கிறோம். சற்று நேரத்தில் சுவரில் நீள்வட்ட வாசல் ஒன்று திறக்கிறது. அதன் வழியே பார்த்தால் ஆரஞ்சு நிற உடையில் ஒரு பெண் நிற்பது தெரிகிறது. நாம் நகர்ந்தால் அவளும் நகர்கிறாள். அவள் நாம்தான் என்று உறைக்கும் அந்த நொடியில், இந்த விளையாட்டின் அடிப்படை விதி, அதாவது ஒரு வாசலில் நுழைந்தால் மற்றொன்றில் வெளிவருவோம் என்பது, விளக்கமே இல்லாமல் மனத்தில் பதிந்துவிடுகிறது. தொடக்கச் சோதனை அறைகளில் எதிரிகள் இல்லை, அவசரம் இல்லை. பார்ப்பது, நடப்பது, யோசிப்பது ஆகியவை மட்டுமே உண்டு. கூடவே எலன் மெக்லெய்ன் குரல் கொடுத்த ஓர் இயந்திரம் நம்மோடு பேசிக்கொண்டே வருகிறது. அந்தக் குரலின் கனிவுக்கு அடியில் ஏதோ சரியில்லை என்ற உணர்வு அறைக்கு அறை வளர்கிறது. மூன்று நான்கு மணி நேரத்தில் விளையாட்டு முடியும்போது இரண்டு ஸ்டிக்குகளும் உங்கள் கையில் ஒன்றாகியிருக்கும். ஒரு நல்ல கதையையும் முழுதாகக் கண்டிருப்பீர்கள்.

சிலருக்கு முதல் நபர் பார்வையில், அதாவது கதைமாந்தரின் கண் வழியே பார்த்தபடி, விளையாடும்போது தலை சுற்றும், குமட்டும். கண் நகர்கிறோம் என்கிறது, உள்காது அசையாமல் இருக்கிறோம் என்கிறது. இந்த முரண்தான் அதற்குக் காரணம். விளையாட்டின் அமைப்புகளுக்குள் சென்று பார்வைக் கோணத்தை அகலப்படுத்துங்கள். நடக்கும்போது கேமரா குலுங்குவதையும், நகரும்போது படம் கலங்கலாகத் தெரிவதையும் நிறுத்துங்கள். அறையில் விளக்கைப் போட்டு, திரையிலிருந்து சற்றுத் தள்ளி அமருங்கள். முதல் அறிகுறி தெரிந்தவுடனே நிறுத்திவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் மறுமுறை அந்தத் திரையைப் பார்த்தாலே குமட்டத் தொடங்கும். மின்னும் ஒளியால் வலிப்பு வரும் இயல்புடையவர்கள், பல விளையாட்டுகளின் தொடக்கத்தில் வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டக் கூடாது.

மூன்றாம் படி: அமைப்புகளைக் கூச்சமின்றி மாற்றுவது

கடினத்தைக் குறைத்து விளையாடுவது ஏமாற்று வேலை என்ற எண்ணம் சிலரிடம் இருக்கிறது. அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். மலையேறும் பெண்ணைப் பற்றிய செலெஸ்ட் (2018) மிகக் கடினமான விளையாட்டு. ஆனால் அதை உருவாக்கியவர்களே அதில் உதவி முறை ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம், சோர்வில்லாமல் சுவரைப் பற்றி ஏறலாம், விரும்பினால் உயிரே போகாதபடியும் செய்துகொள்ளலாம். 2020இல் முழுமையாக வெளியான ஹேடஸ் இன்னும் நுட்பமான வழியைக் கையாள்கிறது: அதன் தெய்வ முறையைத் தேர்ந்தெடுத்தால், நமக்கு நேரும் சேதம் முதலில் 20 சதவீதம் குறைகிறது, ஒவ்வொரு முறை சாகும்போதும் மேலும் 2 சதவீதம் குறைந்து, 80 சதவீதம் வரை செல்கிறது. தோற்கத் தோற்க வலிமை கூடுகிறது. அதே ஆண்டில் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் உள்ளன; பார்வையற்றவர்கள் ஒலிக் குறிப்புகளை மட்டுமே கொண்டு அதை முழுதாக விளையாடி முடித்திருக்கிறார்கள்.

எந்த விளையாட்டானாலும் முதல் பத்து நிமிடங்களை அமைப்புகளுக்கு ஒதுக்குங்கள். சப்டைட்டிலைப் போட்டு எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். இசையின் ஒலியைக் குறைத்துப் பேச்சின் ஒலியை உயர்த்துங்கள். கேமரா திரும்பும் வேகத்தைக் குறைத்து வையுங்கள். கை பழகிய பின் உயர்த்திக்கொள்ளலாம்.

நான்காம் படி: முடிக்கக்கூடியதைத் தேர்ந்தெடுப்பது

தொடக்கத்தில் முழுமையாக முடித்த நான்கைந்து சிறிய விளையாட்டுகள், பாதியில் நின்ற ஒரு பெரிய விளையாட்டைவிட அதிகம் கற்றுத் தரும். முடிவைப் பார்த்த பிறகுதான் தொடக்கம் ஏன் அப்படி இருந்தது என்பது விளங்கும். விளையாட்டைப் பற்றிய உங்கள் கருத்துக்கும் அப்போதுதான் அடித்தளம் கிடைக்கும்.

என் மனத்தில் மிக ஆழமாகத் தங்கிய சிறிய விளையாட்டு ஜர்னி (2012). சிவப்பு அங்கி அணிந்த ஓர் உருவம் பாலைவனத்தைக் கடந்து, தொலைவில் ஒளிரும் மலையுச்சியை நோக்கிச் செல்கிறது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வழியில் இன்னோர் உருவம் தென்படும். அது உலகின் வேறோர் இடத்தில் அமர்ந்து விளையாடும் ஒரு மனிதர். அவருடைய பெயர் தெரியாது, அவரோடு பேசவும் முடியாது. ஒரு சிறு இசையொலியை எழுப்புவது மட்டுமே இருவருக்கும் சாத்தியம். பனிக்காற்று வீசும் சரிவில் ஒருவரை ஒருவர் தொட்டபடி நடந்தால் இருவரின் அங்கியும் ஒளிபெறுகிறது என்பதைக் கண்டுகொண்டபோது, முன்பின் அறியாத ஒருவரிடம் எனக்கு ஏற்பட்ட நன்றியுணர்வை வேறெந்தக் கலைவடிவமும் எனக்குத் தந்ததில்லை என்று உறுதியாகச் சொல்வேன். உடன் வந்தவர்களின் பெயர்கள் எல்லாம் முடிந்த பின்னரே திரையில் வரும்.

உரையாடலை விரும்புபவர்களுக்கு ஃபயர்வாட்ச் (2016) பொருந்தும். காட்டுத்தீயைக் கண்காணிக்கும் கோபுரத்தில் தனித்திருக்கும் ஒருவர், முகம் காணாத தம் மேலதிகாரியுடன் வாக்கி டாக்கியில் பேசும் பேச்சுதான் அதன் உயிர். தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையை விளையாட்டு வடிவில் காண விரும்புபவர்களுக்கு வெண்பா (2023) இருக்கிறது. கனடாவில் குடியேறிய பெற்றோரும் அங்கே வளரும் மகனும் அதன் மாந்தர்கள். அதுவும் ஒரே அமர்வில் முடியக்கூடியது.

நீண்ட விளையாட்டுக்கு ஆசைப்படுபவர்கள், அது தன்னை எப்படிச் சிறு துண்டுகளாகப் பிரித்துத் தருகிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் உருவாக்கி 2016இல் வெளியிட்ட ஸ்டார்ட்யூ வேலியில், பண்ணையின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடங்கள். படுக்கையில் உறங்கச் சென்றால்தான் விளையாட்டு சேவ் ஆகும். ஆகவே ஒரு நாளோ இரண்டு நாளோ விளையாடி நிறுத்துவது இயல்பாகவே அமைகிறது. இன்னும் ஒரே ஒரு நாள் என்று இழுக்கும் ஆசையும் அங்கேயே இருக்கிறது என்பதால், எத்தனை நாள் என்பதைத் தொடங்கும் முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

வாங்கும் முன் டெமோ இருந்தால் அதை விளையாடிப் பாருங்கள். கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக வாங்குபவர்கள், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிடிக்காத ஒன்றைக் கட்டாயத்துக்காக விளையாட வேண்டியதில்லை. இலவசம் என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்த பின் ஒவ்வொரு அடிக்கும் பணம் கேட்கும் கைபேசி விளையாட்டுகளை, குறைந்தபட்சம் தொடக்க காலத்திலாவது, தவிர்த்துவிடுங்கள். அவை உங்களுக்கு எதையும் முடித்துக் காட்டுவதில்லை.

ஐந்தாம் படி: காதுக்கு ஒரு குரல்

ஒலிநூலுக்கு வருவோம். ஒரு நூலைப் பிடிக்கும் என்பதால் அதன் ஒலிவடிவமும் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். முதல் ஒலிநூலை நூலாசிரியரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், வாசிப்பவரின் குரலைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். அநேகமாக எல்லாச் செயலிகளும் சில நிமிட மாதிரியைக் கேட்க அனுமதிக்கின்றன. அந்த மாதிரியில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். நீண்ட வாக்கியத்தின் நடுவில் எங்கே மூச்சு விடுகிறார் என்பது முதலாவது. பொருள் முறியும் இடத்தில் மூச்சு விடுபவர், தான் படிப்பதைப் புரிந்துகொண்டு படிக்கவில்லை. கதைமாந்தர் பேசும்போது குரலை எவ்வளவு மாற்றுகிறார் என்பது இரண்டாவது. சிறந்த வாசிப்பாளர் தாளத்தையும் அழுத்தத்தையும் மட்டும் சிறிது மாற்றி, யார் பேசுகிறார் என்பதை உணர்த்திவிடுவார். மூன்றாவது, உச்சரிப்பு. தமிழ் ஒலிநூல் என்றால் ழகரமும் ளகரமும் லகரமும் தனித்தனியே கேட்கின்றனவா, விவரணையை எழுத்துநடையிலும் உரையாடலை அந்தந்த வட்டாரப் பேச்சின் இயல்பிலும் படிக்கிறாரா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று உறுத்தினாலும் பத்து மணி நேரம் அது உறுத்திக்கொண்டே இருக்கும்.

குரலுக்குக் காது பழக எனக்கு எப்போதும் அரை மணி நேரமாவது பிடிக்கிறது. எவ்வளவு நல்ல வாசிப்பாளரானாலும் முதல் சில நிமிடங்களில் நாம் குரலைத்தான் கேட்கிறோம். கதையைக் கேட்கத் தொடங்குவது அதன் பிறகுதான். ஆகவே அந்த அரை மணி நேரத்தை வேறு வேலை எதுவும் இல்லாமல், அமர்ந்தோ நடந்தோ, முழுக் கவனத்துடன் கேளுங்கள். அதன் பின்னும் குரல் குரலாகவே ஒலித்துக்கொண்டிருந்தால் வேறு பதிப்பைத் தேடலாம். 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் இதற்கு நல்ல களம். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்து இலவசமாக வழங்குகிறார்கள். புகழ்பெற்ற நூல்கள் பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசிப்புகள் அங்கே உண்டு. ஒரே நூலின் முதல் அத்தியாயத்தை இரண்டு குரல்களில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே வாக்கியம் ஒருவரிடம் வருத்தமாகவும் மற்றவரிடம் வெறும் தகவலாகவும் ஒலிப்பதை உணரும்போது, வாசிப்பும் ஒரு விளக்கவுரைதான் என்பது தெளிவாகும்.

இந்த வடிவத்தின் வரலாறு தெரிந்தால் அதன் மீதான மரியாதை கூடும். 1930களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்றவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பேசும் நூல் சேவைகளே இதன் வேர். அமெரிக்க இசைத்தட்டுகளில் ஒரு பக்கத்தில் சுமார் 15 நிமிட வாசிப்பே அடங்கியது. ஒரு நாவலைக் கேட்டு முடிக்க ஒரு கட்டுத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. பிறகு ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது, இப்போது நூலகமே கைபேசிக்குள் இருக்கிறது. கேட்பது படிப்பதற்கு இணையாகுமா என்று வாதிடுபவர்கள், இந்த வடிவம் யாருக்காகப் பிறந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: நீளம், வேகம், இடம்

ஆங்கில ஒலிநூல்களில் வாசிப்பு நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள் என்ற வேகத்தில் அமைகிறது. அதாவது ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 9,000 சொற்கள். 90,000 சொற்கள் கொண்ட நாவல் பத்து மணி நேரம் ஓடும். வேகத்தை 1.25 மடங்கு ஆக்கினால் எட்டு மணி நேரம், 1.5 மடங்கு என்றால் ஆறு மணி நாற்பது நிமிடம். தமிழில் சொற்கள் நீளமானவை என்பதால் ஒரு மணி நேரத்தில் கடக்கும் சொற்களின் எண்ணிக்கை இதைவிடக் குறைவாகவே இருக்கும். இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொண்டு, முதல் நூலாக ஐந்து மணி நேரத்துக்கு உட்பட்ட ஒன்றை எடுங்கள். சிறுகதைத் தொகுப்பும் தன்வரலாறும் நல்ல தொடக்கங்கள். தன்வரலாற்றை எழுதியவரே வாசித்திருந்தால் அதைத் தவற விடாதீர்கள். தம் வாழ்க்கையின் எந்த வரியில் குரல் தயங்க வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். வரைபடங்களும் அட்டவணைகளும் அடிக்குறிப்புகளும் நிறைந்த நூல்களைக் காதால் கேட்க முயல வேண்டாம்.

வேகத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கட்டுரை நூல்களுக்கு 1.25 வரை செல்லலாம். புனைவுக்கு அசல் வேகமே சரி. நாவலில் இரண்டு வாக்கியங்களுக்கு இடையே வாசிப்பாளர் விடும் மௌனமும் எழுதப்பட்டதன் ஒரு பகுதிதான். வேகத்தைக் கூட்டினால் முதலில் பறிபோவது அந்த மௌனமே. அதிக நூல்களை முடித்துவிட வேண்டும் என்ற ஆசையில் இரு மடங்கு வேகத்தில் கேட்பவர்கள், கதையின் நிகழ்ச்சிகளை அறிந்துகொள்கிறார்களே தவிர அதற்குள் வாழ்வதில்லை.

எங்கே கேட்பது என்பதும் முக்கியம். கைக்கு வேலை இருந்து மனத்துக்கு வேலை இல்லாத நேரங்களே ஒலிநூலுக்கு ஏற்றவை: துணி மடிப்பது, பாத்திரம் துலக்குவது, பழகிய பாதையில் நடப்பது. மின்னஞ்சல் எழுதிக்கொண்டே கேட்பது பலன் தராது. இரண்டும் மொழியையே கேட்கின்றன, மனம் ஒரு நேரத்தில் ஒரு மொழிக்குத்தான் இடம் கொடுக்கும். பெயர்கள் நிறைந்த நாவலானால் ஒரு சிறு தாளில் பெயர்களையும் உறவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். அச்சு நூலில் பின்பக்கம் புரட்டுவதைப் போல ஒலியில் எளிதாகப் புரட்ட முடியாது. கவனம் சிதறியதை உணர்ந்தவுடன் முப்பது நொடி பின்னே செல்லும் பட்டனை அழுத்தத் தயங்காதீர்கள். படுக்கையில் கேட்பவர்கள் ஸ்லீப் டைமரை 15 நிமிடத்துக்கு வைத்துவிட்டு, மறுநாள் அத்தியாயத்தின் தொடக்கத்திலிருந்தே கேட்பது நல்லது.

காதைப் பாதுகாப்பதில் கவனம் வேண்டும். வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற அளவில் 80 டெசிபல் ஒலியே பாதுகாப்பான வரம்பு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சுற்றுப்புற இரைச்சலை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதற்குப் பதிலாக, இரைச்சலைத் தடுக்கும் ஹெட்ஃபோனைப் பயன்படுத்துங்கள். சாலையில் நடக்கும்போது மட்டும் அது கூடாது. ஒரு காதையாவது திறந்து வைத்திருங்கள்.

ஏழாம் படி: இரண்டையும் சேர்ப்பது

விளையாடிக்கொண்டே ஒலிநூல் கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கேட்கலாம், ஆனால் விளையாட்டு சொற்களால் பேசாததாக இருக்க வேண்டும். டெட்ரிஸுடன் கேட்கலாம், மைன்கிராஃப்டில் அவசரமின்றிக் கட்டடம் எழுப்பும்போது கேட்கலாம். அப்படிக் கேட்ட நூல்களில் ஒரு விசித்திரம் நிகழ்கிறது: பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் கட்டடத்தின் படிகளில் ஏறும்போது, அதைக் கட்டிய வேளையில் கேட்ட அத்தியாயம் வரிவரியாக நினைவுக்கு வருகிறது. இடத்தோடு சேர்ந்து நினைவில் தங்கும் இந்த இயல்பு, எனக்கு இவ்விரு வடிவங்களையும் பிரிக்க முடியாததாக ஆக்கிவிட்டது. மாறாக, உரையாடலே உயிராக உள்ள டிஸ்கோ எலிசியம் (2019) போன்ற விளையாட்டுடன் வேறொரு நூலைக் கேட்பது இரண்டுக்கும் செய்யும் அநீதி.

இரண்டு வடிவங்களும் உண்மையாகவே ஒன்று கலப்பதைக் காண விரும்பினால் இரண்டு விளையாட்டுகளைச் சொல்வேன். ஒன்று, பாஸ்டியன் (2011). அதில் லோகன் கன்னிங்ஹாமின் கரகரத்த குரல், நாம் செய்வதைச் செய்யும்போதே கதையாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. விளிம்பிலிருந்து தவறி விழுந்தால் விழுந்ததும் கதையாகிறது. மற்றொன்று, லூகாஸ் போப் உருவாக்கிய ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018). காணாமல் போய்ப் பின்னர் ஆளில்லாமல் கரை திரும்பிய ஒரு கப்பலில், 60 பேருக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் கண்டறிய வேண்டும். ஒவ்வொரு சடலத்தின் அருகிலும் நம் கையிலுள்ள மாயக் கடிகாரத்தைத் திறந்தால் முதலில் திரை இருண்டுவிடும். சாவுக்கு முந்தைய சில நொடிகளின் பேச்சும் காலடியும் அலறலும் மட்டுமே கேட்கும். பிறகுதான் அந்தக் கணம் உறைந்த காட்சியாகக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளில் விரியும். அந்த இருட்டில் பேசியவர் எந்த நாட்டு உச்சரிப்பில் பேசினார், யாரை என்ன சொல்லி அழைத்தார் என்பதைக் காதால் பிடித்தவரே பெயர்களைச் சரியாகப் பொருத்த முடியும். ஒலிநூலால் காதைத் தீட்டிக்கொண்டவர் இந்த விளையாட்டில் நுழைந்தால், பிறர் தவற விடும் தடயங்கள் அவருக்குக் கிடைக்கும். ஹெட்ஃபோன் இல்லாமல் இதை விளையாடாதீர்கள்.

எட்டாம் படி: எழுதி வைப்பது

முடித்த ஒவ்வொன்றைப் பற்றியும் சில வரிகள் எழுதி வையுங்கள். நட்சத்திரமோ மதிப்பெண்ணோ வேண்டாம். ஓராண்டு கழித்துப் பார்க்கும்போது ஏன் அந்த மதிப்பெண் என்பது உங்களுக்கே விளங்காது. கதைச் சுருக்கமும் வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். எழுத வேண்டியவை உங்களிடம் மட்டுமே உள்ளவை: கருவி எந்த இடத்தில் மறைந்தது, எந்த இடத்தில் மறுபடி உறுத்தியது, எந்த ஒரு காட்சி அல்லது வாக்கியம் மனத்தை விட்டு அகலவில்லை. போர்ட்டலைப் பற்றிய என் குறிப்பு, வாசல் வழியே என்னையே பார்த்ததில் தொடங்குகிறது. ஹேடஸைப் பற்றிய குறிப்பு, செத்து வீடு திரும்பும்போதெல்லாம் அங்கிருப்பவர்கள் புதிதாக ஏதேனும் பேசுவதைக் கேட்பதற்காகவே தோல்வியை வரவேற்கத் தொடங்கியதைச் சொல்கிறது. முடித்த அன்றே ஒருமுறை எழுதுங்கள். சில வாரம் கழித்து, முதலில் எழுதியதைப் பார்க்காமல், மறுபடி எழுதுங்கள். இரண்டிலும் இடம்பெறுவது எதுவோ அதுதான் அந்தப் படைப்பு உங்களிடம் விட்டுச் சென்றது.

இந்தக் குறிப்புகள் சேரச் சேர, அடுத்து எதை எடுப்பது என்ற கேள்விக்கு விடை அவற்றுக்குள்ளேயே தெரியத் தொடங்கும். வகையைப் பின்தொடர்வதைவிட ஆளைப் பின்தொடர்வது பலனளிக்கும். ஓப்ரா டின் பிடித்திருந்தால், அதே லூகாஸ் போப் 2013இல் உருவாக்கிய பேப்பர்ஸ், ப்ளீஸ் விளையாட்டில் எல்லைச் சாவடி அதிகாரியாக அமர்ந்து பாருங்கள். ஒரு வாசிப்பாளரின் குரல் உங்களுக்குள் கரைந்துவிட்டது என்றால், அவர் வாசித்த மற்ற நூல்களைச் செயலியில் அவர் பெயரைக் கொண்டே தேடுங்கள். நீங்கள் ஒருபோதும் தொட்டிருக்காத துறைகளுக்கு அந்தக் குரல் உங்களை அழைத்துச் செல்லும். பாஸ்டியனின் கதைசொல்லியை விரும்பியவர்கள் ஹேடஸைத் திறந்தால், அதே கன்னிங்ஹாம் பாதாள உலகின் அரசராகவும் கதைசொல்லியாகவும் பேசுவதைக் கேட்கலாம்.